செம்பு சேர்த்த துண்டு

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த எங்கள் உலோகம் எடை குறைவு, சூடும் தாங்கும். ஆனால் அழுத்தினால் கண்ணாடி போல நொறுங்கிவிடும். இன்று கொஞ்சம் செம்பும் சேர்த்து உருக்கிய துண்டை எந்திரத்தில் வைத்து அழுத்தினோம். உடையும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

கூட ஆராய்ச்சி செய்யும் ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். "ஏளா, நசுங்கித்தான் இருக்கு, ஒடையல," என்றாள்.

கப்பல் என்ஜினில் சுழலும் சக்கரத்துக்கு இந்த உலோகம் ஆகும் என்று முன்பு சொன்னபோது எங்கள் பேராசிரியர் நம்பவில்லை. இந்த மாதத்தோடு ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லியிருந்தார். சாயங்காலம் துண்டை அவர் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குச் சூடாக்கி அழுத்திப் பாருங்க" என்றார்.

பஸ்ஸில் அதையே பேசிப் பேசி, முத்தையாபுரத்தில் இறங்க மறந்துபோனோம். அடுத்த நிறுத்தத்திலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தோம்.