தவறு எண் பன்னிரண்டு

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் அப்பாவும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் நீ "ம்" என்கிறாய், அப்பா "இருக்கோம்" என்கிறார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பேனாவைக் கொடுத்தால் நீ நிறுத்தமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

உறைக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கிறது, பத்திரம். நாங்கள் மூன்று பேர் ஒன்றரை வருடமாகச் செய்த கேம் அதில் இருக்கிறது. பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, மூலையிலிருந்து யாரும் குதிக்கமாட்டார்கள். பிள்ளைகள் இல்லாத ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஆனாலும் விளையாடுகிறவருக்கு முதுகு கூச வேண்டும். கூசுமா என்று எங்களுக்கே தெரியவில்லை, தினமும் பார்த்துப் பார்த்து மரத்துப்போய்விட்டது. வெளியாட்களிடம் காட்டக் கூடாது என்றார் முதலாளி. "என் தங்கச்சி யார்கிட்டயும் சொல்லமாட்டா சார், அவ பேசவே மாட்டா" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

கூட இருக்கும் தாள் தவறுப் பட்டியல். தவறின் எண், எந்த இடம், என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று கட்டம் போட்டிருக்கும். "நிலை" என்ற கடைசிக் கட்டத்தை விட்டுவிடு, அதை நிரப்புவது நான். துளித் தவறையும் விடாதே. ஏப்ரல் முதல் தேதி கேம் வெளியே போயாக வேண்டும்.

அப்பாவிடம் கண்ணாடியை மாற்றச் சொல். பஸ் ஓட்டுகிறவருக்குக் கீறல் விழுந்த கண்ணாடி ஆகாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. பென்டிரைவ் உடையாமல் வந்தது. அப்பா கண்ணாடியை மாற்றவில்லை. "கீறல் எனக்குப் பழகிடுச்சு, புதுசு போட்டா ரோடே அடையாளம் தெரியாது" என்கிறார். நீயே சொல்லிக்கொள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் செத்து இரண்டு மாதம் ஆகிறது. அதனால் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் ஓனரம்மாவிடம் சீட்டு எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "இதக் கேக்கவும் ஒரு சீட்டா! உன்னால எனக்குத்தான் பேப்பர் செலவு" என்று சொல்லி அனுமதி தந்தார். மதியம் ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவோம். அவர் நாற்காலியிலேயே தூங்குவார். இரண்டரை வரை நான் விளையாடுவேன்.

கூசுகிறது அக்கா. வராந்தாவில் நடந்தால் என் காலடிக்கு அரை நொடி பின்னால் இன்னொரு காலடி கேட்கிறது. நான் நின்ற பிறகும் அது ஒரே ஒரு அடி கூடுதலாக வைக்கிறது. இது தவறா, வேண்டுமென்றே வைத்ததா? தவறென்றால் சரிசெய்துவிடாதே. குடிநீர்க் குழாயில் சொட்டும் தண்ணீர், நான் பார்க்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது. நேற்று அந்த இடத்தில் ஓனரம்மா விழித்துவிட்டார். என் தோளுக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். "என்னடி இது, பேயும் வரல பிசாசும் வரல, எனக்கு எதுக்கு வேர்க்குது?" என்றார்.

பிறகு ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருந்த அறைக்குள் போனேன். பெஞ்சுகளில் யாரும் இல்லை. ஒரு குரல் எண்களைக் கூப்பிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் வெறும் பெஞ்சிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. பதினாறு வரை வந்தது. பதினேழுக்கு வரவில்லை. மின்விசிறி நின்றது.

அங்கேயே நிறுத்திவிட்டேன். தலைவலி.

பதினொரு தவறுகள் எழுதியிருக்கிறேன். ஆறாவது பெரியது: மாடிப்படியில் ஓடினால் சுவருக்குள் விழுந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை


பிப்ரவரி 22

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பட்டியலை முதலாளி இரண்டு முறை படித்தார். "யாருப்பா இது, நம்ம மூணு பேருக்கும் சேத்து இவங்களுக்குக் கண்ணு இருக்கு" என்றார். காலடி தவறுதான். விட்டுவைக்கிறேன்.

ஆனால் நீ நிறுத்திய இடத்தில்தானடி கேமே தொடங்குகிறது. பதினேழாம் எண்ணைத் தேடி வெளியே போக வேண்டும். பஸ் ஸ்டாப், பூங்கா, மூடிக்கிடக்கும் சினிமாக் கொட்டகை, ஆற்றுப்பாலம் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கேயும் அவள் இருக்கமாட்டாள். ஆனால் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும், டிக்கெட் ஜன்னலில் மூச்சுப் படிந்த கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் முன்னால்தான் போயிருப்பாள்.

தலைவலி என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரியாமல் இல்லை. பதினேழு உன் எண். கேட்காமல் எடுத்துக்கொண்டது தப்புதான், கோபித்துக்கொள். நாற்பத்து மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் எங்கே இருந்தாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. உன்னைப் பள்ளியை விட்டு நிறுத்திய பிறகு, அப்பாவுக்குத் தெரியாமல், நீ போயிருக்கக்கூடிய இடங்களையெல்லாம் நான் போய்ப் பார்த்தேன். அந்த இடங்களைத்தான் கேமில் கட்டியிருக்கிறேன்.

கடைசிவரை விளையாடிவிட்டு எழுது. அந்தத் தெருக்கள்தான் கேமின் உயிர் என்கிறார் முதலாளி.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிவரை விளையாடினேன். ஐந்து மதியம் ஆனது. பாலத்தில் பாதி தூரம் போனதும் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடுகிறதே, அங்கே என் கை மவுஸிலிருந்து தானாக எழுந்துவிட்டது. நீ நல்ல வேலைக்காரி.

புதிதாக ஒரே ஒரு தவறு.

தவறு எண்: பன்னிரண்டு. இடம்: ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். என்ன நடக்கிறது: பதினேழாம் எண்ணை வெளியே தேடுகிறார்கள். என்ன நடக்க வேண்டும்: தேடக் கூடாது. அவள் வகுப்பில்தான் இருக்கிறாள்.

நான் எங்கும் போகவில்லை அக்கா. நாற்பத்து மூன்று நாளும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் இருந்தவள் எனக்கும் சேர்த்துக் குரலை மாற்றி "உள்ளேன்" சொல்லிவிடுவாள். ஒன்பதாவது பாதியில் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அதே வாரம் புது டீச்சர் வந்தார். அறுபத்திரண்டு பேர் இருந்தோம். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எண்ணை மட்டும் கூப்பிடுவார். பதினான்கு வரும்போதே மனசுக்குள் சொல்லிப்பார்க்கத் தொடங்குவேன். பதினைந்து, பதினாறு. பதினேழு என்றதும் வாயைத் திறப்பேன். காற்று மட்டும் வரும். இரண்டாம் முறை கூப்பிடுவார். பிறகு சிவப்புப் பேனா கீச்சென்று ஒரு சுழி போடும். அந்தச் சத்தம் மூன்றாவது பெஞ்ச் வரை கேட்கும். பதினெட்டு.

முதல் நாள் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தாம் நாள் போய், இத்தனை நாளும் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
உன் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்திருக்கக் கூடாது.

தலைமையாசிரியை பதிவேட்டை என் முன்னால் விரித்து, ஒவ்வொரு சுழியாக விரல் வைத்து எண்ணிக் காட்டினார். அம்மா இல்லை, அப்பா வெளியூர் வண்டியில் போயிருந்தார். கையெழுத்துப் போட்டது நான். உன் பெயரை எடுத்துவிடச் சம்மதித்தது நான். வெளியே வந்து கேட் பக்கத்தில் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எங்கடி போன?" நீ என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். எங்கேயும் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உள்ளே போய்ச் சண்டை போட்டிருப்பேனே! ஏன் சொல்லவில்லை? இரண்டு வருடம் கழித்து ஒரு தவறுப் பட்டியலில்தான் எழுதுவாயா?

கேமில் பாதிக்கு மேல் அந்தத் தெருக்கள்தான். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பதினேழு வகுப்பிலேயே இருக்கிறாள் என்றால் கேமே இல்லை. நான் முதலாளியிடம் போய் என்ன சொல்வது?

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். அதே காரணம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று கேட்டில் நீயும் வருகைதான் எடுத்தாய். ஒரு முறை கேட்டாய். நான் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. நீ "இல்லை" என்று போட்டுக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாய். பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

உன் வேலைக்கு ஆபத்து வரும் என்றால் பன்னிரண்டை அடித்துவிடு. தெருக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. விளையாடுகிறவர்களுக்குத் தெரியவா போகிறது? உனக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் தங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கடிதம் போட்டதிலிருந்து மார்ச் கடைசிவரை தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலைப் பெருக்கினேன். ஒரே நாளில் மூன்று முறைகூடப் பெருக்கியிருக்கிறேன். "தரை தேஞ்சிடப் போகுது, விடு" என்றார் ஓனரம்மா. ஏப்ரல் முதல் தேதி கடைக் கம்ப்யூட்டரில் தேடினேன். உங்கள் கேம் வெளிவரவில்லை. "உங்கக்கா போன எடுக்கமாட்டேங்கிறா, உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். நான் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பென்டிரைவும் என் பழைய பட்டியலும் வந்தன. கடிதம் இருக்கிறதா என்று உறையைக் கிழித்து விரித்துக்கூடப் பார்த்தேன். இல்லை. கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பியிருந்தாய். ஒன்று முதல் பதினொன்று வரை "சரி". பன்னிரண்டுக்கு: "தெருக்களை எடுத்துவிட்டேன். முதலாளி கத்தினார். ஜூன் வரை நேரம் தந்திருக்கிறார். போட்ட கையெழுத்தை எடுக்க வழி தெரியவில்லை."

அன்று மதியமே போட்டேன். இப்போது நான் நடப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டு கைகள் தெரிகின்றன, ஜிப் அறுந்த என் பை தெரிகிறது. ஜிப்பை நீ மறக்கவில்லை. கரும்பலகையில் தேதி. குரல் எண்களைக் கூப்பிடுகிறது. பதினேழு. திரையின் கீழே "பேச ஸ்பேஸ் பட்டனை அழுத்தவும்" என்று வருகிறது. அழுத்தினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கீச். பதினெட்டு. கரும்பலகையில் அடுத்த தேதி.

நான்காம் நாளில் என்னால் முடியவில்லை, எழுந்துவிட்டேன். ஓனரம்மா என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். என் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பட்டனைத் தட்டிப் பார்த்து, "கீபோர்டு போச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அதன் பிறகு அவர் மதியம் தூங்குவதே இல்லை. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி "ஜெராக்ஸ் இருக்கா?" என்றால், "இல்ல! ஓடிடு!" என்கிறார். இருபதாம் நாள் தாண்டியதும் இரண்டு கையாலும் பட்டனைக் குத்தத் தொடங்கிவிட்டார். "சொல்லேன்டி பொண்ணே, வாயத் தொறந்து சொல்லேன்!" என்றார். முப்பதுக்கு மேல் அந்தப் பெண்ணைத் திட்டுவதை விட்டுவிட்டார். பேசாமல் அழுத்தினார். முப்பத்தெட்டாம் நாள், சிவப்புப் பேனா கீச்சிட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா டீச்சர், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கை தெரியுது, பை தெரியுது, பொண்ணு முன்னாடியேதானே உக்காந்திருக்கு! தலையத் தூக்கித்தான் பாரேன்!"

நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். என்ன புரிந்ததோ தெரியவில்லை. மீதியை நீயே விளையாடு என்று நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நான் வந்ததிலிருந்து முதல் முறையாக அவரே போய் ஷட்டரைத் தூக்கினார்.

நாற்பத்து மூன்றாம் நாளை நேற்று கடந்தேன். கேட் வந்தது. எதிரில் உன் செருப்பு. பேசியது வகுப்பில் எண்களைக் கூப்பிட்ட குரல் இல்லை, உன் குரல். "எங்கடி போன?" அன்று கேட்ட மாதிரியே கேட்டாய். பட்டனை அழுத்தினேன். வரவில்லை. இனி செருப்பு திரும்பும், போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது செருப்பு அங்கேயே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தது. சாயங்காலம் கடை மூடும்வரை விட்டுவைத்தேன். நீ போகவில்லை.

பட்டியலில் பதின்மூன்று என்று ஒன்று எழுதியிருக்கிறேன். என்ன நடக்கிறது: ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் குரல் வரவில்லை. என்ன நடக்க வேண்டும்: இதேதான். கேம் கெட்டுப்போய்விட்டது என்று நிறையப் பேர் புகார் எழுதுவார்கள். சரிசெய்யச் சொல்லி முதலாளி கேட்பார். செய்யாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வண்டி இல்லை, வீட்டில் இருப்பார். போன் செய். நான்தான் எடுப்பேன். முதலில் காற்று மட்டும் வந்தாலும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
வாயாடி