கழுவக் கூடாத கார்

கடல் தாண்டி இருக்கும் என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் நலமாக இரு.

முதலில் நல்ல செய்திகள். உன் மகள் நர்சிங் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டாள், வகுப்பில் இரண்டாவது. உன் தங்கையின் பெரியவள் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அந்தக் கையெழுத்து என் வழி, உன் அப்பா வழி அல்ல. அவள் தம்பி நீச்சல் குளத்தில் ஆழமான பக்கம் வரை போய்த் திரும்பிவிட்டான். உன் மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தரும் சோடை போகவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மகன் செய்த இன்னொரு சாதனையைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

அன்றைய கால்பந்து ஆட்டத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசுவதில்லை. "அம்மாகிட்ட போனைக் குடுக்காதே" என்று நீ உன் மனைவியிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சரி, கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லையே. நடந்ததை முழுதாகப் படி, அப்புறம் கோபித்துக்கொள்.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன வெள்ளைக் காரைக் கழுவுவதை உன் மகன் நிறுத்தினான். கழுவாத வாரம் உங்கள் அணி ஜெயித்ததாம், அதனால் கோப்பை கைக்கு வரும்வரை தண்ணீர் படக் கூடாதாம். புத்தி சொல்ல வேண்டிய நீயும் அங்கிருந்து, "துடைக்கக்கூட விடாதேடா" என்று ஏற்றிவிட்டாய். அவர்கள் ஜெயிக்க ஜெயிக்க இங்கே கார் நாறியது. வெள்ளைக் கார் அடுப்பு துடைக்கிற துணியின் நிறத்துக்கு வந்தது. முன் கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்து, அதன்மேல் இன்னொன்று காய்ந்து, வைப்பர் போகிற அரைவட்டத்தில் மட்டும்தான் தெரு தெரியும். உள்ளே கொட்டிய பால் சீட்டுக்குள் இறங்கிப் புளித்துவிட்டது. பாதி தின்ற ரொட்டியில் பூஞ்சை மயிர் மாதிரி முளைத்திருந்தது. முதல் வெற்றியன்று போட்டிருந்த காலுறைகளைத் துவைக்காமல், பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே மெடல் மாதிரி தொங்கவிட்டிருந்தான். "என்னடா கருமம் இது" என்றால், "பாட்டி, உங்களுக்கு கேம் புரியாது" என்றான். கேம் புரியாது, நாற்றம் புரியும்.

உன் மகளின் தேர்வு நாளில் பஸ் ஓடவில்லை. வெள்ளைச் சீருடையோடு அந்தக் குப்பைத்தொட்டியில் ஏறினாள், துணைக்கு நானும். உன் மகன்தான் ஓட்டினான். நடுச்சாலையில் வண்டி நின்றது. மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தவர் பின்னால் குதித்தார். எலி ஒயரைக் கடித்துப் போட்டுவிட்டு, உள்ளேயே குட்டி போட்டிருந்தது. சீட்டுப் பஞ்சும் உங்கள் அணிக் கொடியின் கிழிசலும்தான் அதற்கு மெத்தை. "பாட்டிம்மா, இந்த வண்டிக்கு எலிதான் ஓனர், நீங்க வாடகைக்கு இருக்கீங்க" என்றார் அவர். உன் மகன் அதற்கும் சிரித்தான்.

பெண் இறங்கி ஓடினாள். ஓடும்போதுதான் பார்த்தேன், சீருடையின் பின்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. நோயாளி பக்கத்தில் இப்படியா வருவது என்று தேர்வாளர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை வெளியே நிறுத்திவிட்டார். தோழி ஒருத்தியின் மேலங்கியைக் கடன் வாங்கிப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். அழுதுகொண்டே ஊசி போட்டுக் காட்டியிருக்கிறாள். இல்லையென்றால் இரண்டாவது இடம் ஏன், முதலிடமே அவளுடையதுதான்.

ஒயரை மாற்றி வண்டி வீட்டுக்கு வந்ததும் நான் வாளியை எடுத்தேன். "அத்தை, இன்னைக்கு செமி ஃபைனல், நாளைக்குக் கழுவலாமே, அவர் கத்துவாரு" என்றாள் உன் மனைவி. "எலிக்குத் தெரியுமாடி செமி ஃபைனல்?" என்றேன். அவளே சிரித்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். நானும் தேர்வு முடிந்து வந்த பேத்தியும் தேய்த்தோம். தண்ணீர் கறுப்பாய் ஓடியது. காலுறைகளைக் குச்சியால் தூக்கி எறிந்தேன்.

சாயங்காலம் தோற்றீர்கள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். கோல் காக்கிறவன் காலிடுக்கில் பந்தை விட்டான். அவன் காலை அகட்டி வைத்தது நானா? அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் குளித்து, துவைத்த உடுப்பில் வருகிறார்கள். பார்க்கிறவன்தான் நாறுகிறான். இதைக் கண்டுபிடிக்க நான் படித்த ஐந்தாம் வகுப்பே போதும்.

"நீங்கதான் பாட்டி தோக்கடிச்சீங்க" என்று உன் மகன் மூன்று வேளை முறைத்தான். அப்புறம் பசி வந்ததும் பேசிவிட்டான். இப்போது வாரம் தவறாமல் அவனே காரைக் கழுவுகிறான். திருந்திவிட்டான் என்று நினைக்காதே. அடுத்த வருஷம் கழுவினால்தான் ராசியாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னும் பேசாதவன் நீ ஒருத்தன்தான். பதினொரு பேர் பந்தை விட்டதற்குப் பெற்றவளை விடுவார்களா?

நீ அனுப்பிய படங்களில் எல்லாம் கன்னத்தில் அணிச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறாய். அந்தச் சாயத்துக்கு அடியில் நீ இளைத்திருக்கிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. சாதாரணச் சட்டையில், வெறும் முகத்தோடு, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. என்னை முறைக்கிற முகமாக இருந்தாலும் அதையே அனுப்பு.

உன் அம்மா