முதலாளியின் கழுத்து வீங்கிய மழைக்காலம்

சுண்ணாம்பில் புரட்டிக் காயவைத்த சுக்கு நேற்று வந்து இறங்கியது. இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் அந்த நெடி மூக்கில் ஏறிற்று. மூட்டைக்கு இடம் செய்ய அலமாரியை நகர்த்தினேன். பின்னால் அந்த வெள்ளை டப்பா. பச்சோந்திக்கு நீ வாங்கிய சத்துப் பொடி, பாதி மிச்சம். கால்வாயில் வீசிவிடலாம் என்று கை ஓங்கியது. வீசவில்லை. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறும்வரை சாட்சி ஒன்று கையில் இருக்கட்டும்.

இந்த மட்டாஞ்சேரியில் ஒரே கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர்கள் நாம். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். நீ இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தவன். பிறகு சேர்ந்து கடை வைத்தோம். பேரம் என் வேலை, சுக்கைத் தரம் பிரிப்பது உன் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் ஊரோடு சேர்ந்து என்னை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாய். கல்யாணம் வேண்டாமென்று மாடி அறையில் தனியாகக் கிடந்தவன், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் கூண்டோடு வந்து நின்றாய்.

“என்னடா இது, போலீஸ் வந்து நிக்கப் போகுது.”

“நம்ம காட்டுப் பச்சோந்தியை வச்சாத்தான் ஜெயிலு. இது ஏமன் நாட்டு வகை, கூண்டுலயே பொரிஞ்சது. பேப்பர் எல்லாம் இருக்கு. கண்ணைப் பாரு அண்ணாச்சி. ஒண்ணு தராசுல, ஒண்ணு வந்த ஆளு மேல. உன்னையே உரிச்சு வச்சிருக்கு. அதான் பேரு முதலாளி.”

பக்கத்துக் கடைச் சேட்டன் எட்டிப் பார்த்து, “ஒரு கடையில ரெண்டு ஓந்தோ?” என்று பச்சோந்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டதற்கு ஒரு வாரம் சிரித்தாய்.

அடுத்த மழையில்தான் முதலாளியின் தாடைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி வீக்கம் வந்தது. தண்ணீர் கட்டிய பை மாதிரி தொங்கியது. என்னைக் கண்டால் அது தொண்டையை உப்பிக்கொண்டு சீறும் என்பதால், கோபமாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

“கோபம்னா ஆளு போனதும் இறங்கும் அண்ணாச்சி. இது நேத்துலேருந்து இறங்கலை.”

உன் கண் அப்படிப்பட்ட கண். ஒரு மூட்டைச் சுக்கில் ஒரு பூச்சி அரித்த துண்டைக் கண்டுபிடிக்கிற கண். அதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் கேள்வி கேட்கப் போகிறேன்.

அதை விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டாய். “கால்சியம் குறைவா இருக்கும், பொடியைக் கூட்டுங்க” என்றான். வந்து பார்த்தானா? இதுவரை எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டானா? அடுத்த டப்பாவை எடுத்து வைத்துவிட்டான். இதுவா வியாபாரம்? நானும் விற்றுப் பிழைப்பவன்தான். சுக்கு வாங்க வருகிறவனிடம், கஷாயத்துக்கா, ஏற்றுமதிக்கா என்று கேட்காமல் நான் மூட்டையை அவிழ்ப்பதில்லை.

ஆனால் முட்டாள்தனத்தில் நமக்கும் பங்கு உண்டு. சுக்குக்குச் சுண்ணாம்பு நன்றாக ஏறினால்தான் சரக்கு கெடாது என்பது நம் தொழில் பாடம். அதே கையால் நீ டப்பாவில் பொடியைக் கொட்டி, சுவர்க்கோழிப் பூச்சிகளை உள்ளே போட்டுக் குலுக்கினாய். வெள்ளை பூசிய பிசாசுகள் போல அவை வெளியே வந்தன. தினமும் அப்படித்தான், ஒரு பூச்சி பாக்கியில்லாமல். பக்கத்தில் நின்றுகொண்டு, “இந்தக் காலு பாரு, வெள்ளை ஏறலை, இன்னொரு குலுக்கு குலுக்கு” என்றவன் நான்.

வீக்கம் தோள் வரை இறங்கியது. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் கிடந்தது. போனில் எவனோ ஊசியால் குத்தி நீரை எடுக்கச் சொன்னான் என்று நீ தையல் ஊசியைத் தீயில் காட்டினாய். அதைப் பிடுங்கி எறிந்தேன். அந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மறுநாள் ஸ்கூட்டரில் நீ பின்னால் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, திருப்பூணித்துறையில் பறவைக்கும் பல்லிக்கும் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். அவர் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“கட்டியில்ல, சீழில்ல. நீர் கோத்திருக்கு. பொடி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?”

“தினமும். எல்லாப் பூச்சிக்கும்” என்றாய்.

“சுக்குக்குச் சுண்ணாம்பு போடற மாதிரி டாக்டரம்மா” என்று நான் பெருமையாகச் சேர்த்தேன்.

“இது சுக்கல்ல சேட்டா, ஜீவனுள்ளதாணு. வைட்டமின் கலந்த பொடி மாசத்துல ரெண்டு தடவை போதும். நீங்க கொட்டினதையெல்லாம் இதோட கிட்னி தாங்கணுமே?”

பொடியை நிறுத்தச் சொன்னார். கூண்டில் வெயிலுக்குப் பதிலாக எரியும் விளக்கை மாற்றச் சொன்னார். கிளையில் நீர் சொட்டவிட்டு, இலைகளில் தெளிக்கச் சொன்னார். குறையாவிட்டால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு லோடு விஷயமாகப் போன் வந்தது. பேரம் பேச வெளியே போய்விட்டேன்.

ஒரு மாதத்தில் முதலாளியின் கழுத்து வற்றியது. தொண்டையை உப்பி என்னைப் பார்த்துச் சீறியது. “பார்த்தியா, முதலாளி முதலாளியைத் திட்டறான்” என்று நீ கைதட்டினாய்.

அடுத்த மழைக்கு நீ இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். உன் தலையணைக்கு அடியில் வலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. மூட்டை சுமந்த முதுகு, எனக்கும் அது தெரியும். ஆனால் தினமும் போட்டாயாமே? மருந்துக் கடையில் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்தவனும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் முதலாளியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். நீ எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது.

“அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேனே சேட்டா. நீங்க வெளியில போன்ல நின்னீங்க. அவர் கால் ரெண்டும் வீங்கியிருந்தது. யார்கிட்டயாவது காட்டினீங்களான்னு கேட்டேன். மாடிப்படி ஏறி இறங்கற வீக்கம், முதல்ல இவனைப் பாருங்கன்னார். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னார். நான் சொல்லியிருக்கணும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். குண்டன்னூர்ச் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பச்சோந்தியின் கழுத்தில் ஒரே நாளில் வித்தியாசம் கண்டவன் நீ. உன் காலில் செருப்பு ஏறாதது உனக்குத் தெரியவில்லையா? என்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்ல நான் யார், எவனோ வழிப்போக்கனா? தினமும் எதிரில் உட்கார்ந்து சாயா குடித்தேன். ஒரு தடவை மேஜைக்குக் கீழே குனிந்திருந்தால் போதும். நான் மேஜைக்கு மேலே இருக்கிற சரக்கை மட்டும்தான் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் என்னை ஏமாற்றினாய்.

முதலாளி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, அதன் கழுத்தைப் பார்ப்பது. அது சீறுகிறது, நான் கிளைக்கு நீர் தெளிக்கிறேன். பிறகுதான் தராசுக்குப் போகிறேன்.

இன்னொன்றும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று சுக்கு இறக்க வந்தவர்களில் ஒருவர் திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினேன். “என்ன அண்ணாச்சி, காலைப் பிடிக்கிறீங்க?” என்று சிரித்தார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

உன்னிடம் கேட்காததை.