என் பெயரை நானே அழித்தேன்

யூலை 18, வெள்ளி. முள்ளியவளை.

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு ரீசேட் நிறுவனத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரையை எழுதியவள் நான்தான். அந்த நிறுவனத்துக்கு யாரும் படம் வரைந்து அனுப்பலாம். மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வதை ரீசேட் சட்டையில் அச்சிட்டு விற்பார்கள். கட்டுரை எழுதி இரண்டு வருடம் கழித்துத்தான் நானும் ஒரு படம் அனுப்பினேன். எங்கள் மீன்காரரின் சைக்கிள், பின்னால் ரியூப் இறப்பரால் இறுக்கிக் கட்டிய பெட்டி. போன மாதம் அது தெரிவானது.

இன்று பின்னேரம் கட்டுரையைத் திறந்தால் கடைசியில் ஒரு புது வரி. என் முழுப்பெயர், அதற்கு முன்னால் 'புகழ்பெற்ற ஓவியர்'. என் கணவருடைய வேலைதான்.

மூன்று தரம் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன கிழமை வேறொருவர் தன் பெயரைத் தானே சேர்த்தபோது, ஆதாரம் இல்லையென்று அழித்தவள் நான். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அழித்துவிட்டேன்.

இவருக்குக் கோபம். "ஏன் அழிச்சனீர்? நான் பொய்யே எழுதினனான்?"

"வீட்டாக்கள் எழுதக்கூடாதப்பா. பேப்பரில வந்தால் வேற ஆரும் எழுதட்டும்."

எழுந்து அறைக்குள் போனார். சாப்பிடக் கூப்பிட்டபோது, நான் அலுமாரியில் மடித்துப் பத்திரப்படுத்தியிருந்த சைக்கிள் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"எங்க, இதையும் அழியும் பாப்பம்."