வெளிப்பக்கத் தையல்

ஆகஸ்ட் 11, திங்கள்

"இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும் டாக்டர்" என்று தொடங்கி ஒரு மெசேஜும், பகலில் ஜன்னலோரம் எடுத்த நாலு போட்டோவும் அனுப்பியாச்சு. மீனுவின் தழும்பு போன வாரத்தைவிடத் தடித்திருக்கிறது, சிவந்திருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? சாம்பார் கொட்டி ரெண்டு மாசம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. நாலு வயசுக் கையில் அதற்கு மேல் என்ன மிச்சம் இருக்கு.

ஆகஸ்ட் 12

டாக்டர் பதில் போட்டார். முதல் சில மாதம் தடிப்பது, சிவப்பது எல்லாம் இயல்புதானாம். தினம் பன்னிரண்டு மணி நேரம் சிலிகான் பட்டை. ரெண்டு வேளை கிரீம் போட்டு அழுத்தித் தேய்க்கணும். வெயில் படக் கூடாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம். மங்கும்; முழுக்கப் போகாது.

கடைசி வரியை மட்டும் மூணு தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 19

இந்த ஊர்ப் புழுக்கத்தில் பட்டை எங்கே நிற்கிறது. வேர்த்து நழுவுகிறது, அடியில் வேர்க்குரு. கழுவு, காயவை, மறுபடி ஒட்டு. தூக்கத்தில் சொறிந்துவிடாமல் இருக்க அவள் கைமேல் என் கை. இடுப்பு விட்டுப்போகிறது.

மாமியார் ஈரோட்டிலிருந்து போனில்: "எலுமிச்சம்பழத்தத் தேச்சா வெளுத்துரும். நான் சொன்னா யாரு கேக்குறீங்க." டாக்டர் அந்தப் பக்கமே போகாதீங்க என்றிருக்கிறார். ஏற்கெனவே நான் பண்ணின கைவைத்தியத்தின் லட்சணம் போதும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதியே விடுகிறேன்.

சாம்பார் கொட்டின அன்றைக்கு அலறல் கேட்டு எதிர் ஃப்ளாட் ஜூமா பௌதிதான் (பெங்காலியில் அண்ணி; நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) முதலில் ஓடி வந்தாள். மீனுவைத் தூக்கி, குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தாள். "இருபது நிமிஷம். எடுக்காதே" என்றாள், பெங்காலியில். குழந்தை கத்தின கத்தலில் நான் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு போய், ஃப்ரிட்ஜிலிருந்த இட்லி மாவை அள்ளிப் பூசினேன். எங்கம்மா வீட்டில் சுட்டுக்கொண்டால் அதுதான் செய்வோம்.

ஆஸ்பத்திரியில் காய்ந்துபோன மாவை நர்ஸ் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தாள். செந்தில் ஹவுரா ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். "யாரு இதப் பூசினது?"

"பௌதி. பதட்டத்துல நம்ம ஃப்ரிட்ஜத் திறந்து..."

எப்படி வந்தது அது வாயில்? எம்.எஸ்சி. படிச்சவ நான்.

மறுநாள் அவர் எதிர்க் கதவைத் தட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார்: இனிமேல் எங்கள் குழந்தைக்கு எதுவும் போடாதீங்க. பௌதி அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். அப்புறம், "சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 3

"ஜேட்டிமா வீட்டுக்கு ஏம்மா போகக் கூடாது?" பௌதியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பெரியம்மா மாதிரி.

"அவங்களுக்கு வேலை இருக்குடா."

"என் கை அசிங்கமா இருக்குன்னுதானா?"

செப்டம்பர் 10

இன்று தேய்க்கவில்லை. முடியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு, மகாளயா

வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு மீனுவுக்கு ஒரு ஃப்ராக் பௌதி கையால் தைத்துத் தருவாள். இந்த வருஷம் வராது என்றிருந்தேன். காலையில் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. மெல்லிய பருத்தி, முழுக்கை.

போட்டுவிட்ட செந்தில் சிரித்தார். "என்ன அவசரமோ அந்தம்மாவுக்கு. ஒரு கையை உள்வெளியாத் தைச்சு வச்சிருக்காங்க."

இடது கை. தையல் மொத்தமும் வெளிப்பக்கம். உள்ளே தழும்பில் எதுவும் உரசாது.

"அவசரத்துல இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. குழாய், மாவு, நான் சொன்ன பொய் — எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் கிரீமை எடுத்து மீனுவின் கையைத் தேய்க்க உட்கார்ந்தார். முதல் தடவையாக. "அவங்க வாசல்ல நின்னு நான் பேசினேன். நீ பின்னாடி நின்னுட்டிருந்த" என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, "நீயே சொல்லு. நானும் கூட வரேன்."

போனால் எதிர்க் கதவில் பூட்டு. பூஜை முடியும்வரை காளிகாட்டில் தம்பி வீட்டில் இருப்பாளாம், வாட்ச்மேன் சொன்னார். பையை மாட்டிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள்.

செப்டம்பர் 22

என் பெங்காலி தப்பும் தவறுமாக வரும். முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

பௌதி, மாவு பூசினது நான். உங்கள் பேரைச் சொன்னதும் நான். செந்திலிடம் நேற்று சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்ட இருபது நிமிஷத்தை நான் கொடுத்திருந்தால் தழும்பு இவ்வளவு இருந்திருக்குமா, தெரியவில்லை. தினம் யோசிக்கிறேன். ஃப்ராக் சரியாக இருக்கிறது, கையில் உரசவில்லை. மீனு கழற்றவே மாட்டேன் என்று அதோடு தூங்குகிறாள். நாங்கள் மூணு பேரும் காளிகாட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்றால் அதையாவது சொல்லுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.