பங்கர் இல்லாத வரைபடம்

இயேசு மரி சூசை

குருநகர்
27.4.95

அன்பு மகன் சவிரிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் அப்பாவும் நானும் இன்றுவரை சுகமாயிருக்கிறோம், பேர்கன் குளிரில் நீயும் பெர்னடெட்டும் சின்னவளும் சுகமாயிருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன்.

ஷெல்லில் இடிந்துபோன எங்கள் பதினாறு வீட்டுக் காணியையும் ஒன்றாக்கி, கீழே கடைகளும் வலை வைக்கிற கட்டடமும் ஒரு சின்ன மருந்துச்சாலையும், மேலே வீடுகளுமாகக் கட்டப்போகிறோம், உனக்கும் ஒரு மேல்வீடு இருக்கிறது, ஆடியில் எல்லாரும் வந்துவிடுங்கள் என்று மாசியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கட்டித்தர இரண்டு பேர் போட்டிபோட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் இராசநாயகம் வர்ணத்தில் கீறிய படத்தைக் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டினார், கண்ணாடிக் கடைகள், அகலமான றோட்டு, சீமெந்து கப்பலில் வரும், ஒரு வருசத்தில் திறப்பு என்றார். மற்றவர் எங்கள் மேசன் நீக்கிலாப்பிள்ளை. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக்கொண்டு வந்தார். சுண்ணாம்புக்கல்லில்தான் கட்டுவேன், இரண்டு வருசம் செல்லும் என்றார். நாலு வீட்டுக்கு ஒன்றாகக் கடைகளுக்குக் கீழே கறுப்புக் கட்டங்கள் இருந்தன, அவை என்னவென்று கேட்டதற்கு, ஷெல்லடிக்கு ஒளிக்கிற பங்கர் என்றார். இந்தக் கட்டட வேலைக்குச் செயலாளர் என்று என்னை வைத்திருந்தார்கள் அல்லவா, நான்தான் எழும்பி, "சமாதானம் வந்த பிறகும் குழிக்குள்ளையோ இருக்கப்போறம், உதை அழிச்சுப்போடும்" என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, "பங்கர் இல்லாமல் இந்தக் கரையிலை நான் வீடு கட்டமாட்டன் அக்கா" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பதினொரு வீட்டார் இன்ஜினியருக்குக் கை உயர்த்தினார்கள், முதல் கை என்னுடையது.

பெரிய வெள்ளிக்கு முன்னமே அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். சீமெந்து வரவில்லை, நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்றார்கள். பிறகு ஒருநாள் இன்ஜினியர், "கொழும்புக்குப் போட்டு நாலு நாளிலை வாறன்" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் மனுசியின் தையல் மெசினும் லொறியில் ஏறியதை அப்பா கண்டுவந்து சொன்னார், நாலு நாள் பயணத்துக்குத் தையல் மெசின் எதற்கு என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. அடுத்த கிழமை சமாதானப் பேச்சு முறிந்த செய்தி வானொலியில் வந்தது. அன்றைக்கே கடைகளில் மண்ணெண்ணெய் மறைந்துவிட்டது, கடல் தொழிலுக்குப் போன வள்ளங்களும் வெறுமையாய்த் திரும்பிவிட்டன.

திங்கட்கிழமை காலை குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்து மூன்று தரம் சுற்றியது. ஓட இடமில்லாமல் பிள்ளைகளையெல்லாம் அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்குக்குள் இறக்கினோம், கடற்கரை மண்தானே, முழங்கால் ஆழத்துக்கே தண்ணீர் ஊறியிருந்தது, பக்க மண் சரிந்து சரிந்து அவர்கள் முதுகில் விழுந்தது. குண்டு கடலில் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் முகம் வைத்துக் கிடந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணி மேலே ஏற்றினேன். நேரே நீக்கிலாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், "பிள்ளையளுக்கு ஒரு பங்கர் வேணும்" என்றுதான் வாயில் வந்தது. அவர் கையை உதறிக்கொண்டு எழும்பி, "எத்தினை பேர் அக்கா?" என்று மட்டும் கேட்டார். இப்போது அவரும் அப்பாவும் மேட்டுப் பக்கத்தில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போடுகிறார்கள். நேற்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உது ஷெல்லுக்குத் தாங்கும், பொம்மருக்குத் தாங்காது, பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ" என்றார். நான் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

மகன், ஆடிக்கு வராதே. பிளேன் ரிக்கெற் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. பிறகு ஒருநாள் எல்லாம் அமைதியாகிவிட்டது, வா என்று நானே என் கையால் எழுதினாலும் நம்பி வெளிக்கிடாதே. அம்மாவின் கை ஒருமுறை அவசரப்பட்டு உயர்ந்துவிட்டது. இருமலுக்கு மருந்தை விடாமல் குடி, சின்னவளுக்குத் தமிழ் செபம் சொல்லிக்கொடு. கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கிடைத்ததும் இரண்டு வரி எழுது. ஆண்டவர் உங்கள் மூவரையும் அங்கேயே வைத்துக் காப்பாராக.

உன் அம்மா
பி. யோசப்பின்