அடியும் ஒட்டு

போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக் குசினியில் அடுப்போரம் நின்று அயன் பெட்டியைச் சூடாக்கினேன். பலகை ஓரத்தில் ஒட்டும் டேப்பின் பசை உருகி அந்த மணம் எழும்பியது. பிளாஸ்டிக் கருகுவதும் சீனி தீய்வதும் சேர்ந்த மணம். உன்னை நினைத்துக் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ எரிச்சல். கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை எத்தனை குசினி அலுமாரிகளுக்கு நாம் ஓரம் ஒட்டினோம். உன் வீட்டு அலுமாரியில் மட்டும் ஒரு சாண் டேப்கூட இல்லை. பலகைகளை வெட்டிப் பொருத்தி, கதவுகளையும் மாட்டிப் பூட்டிவிட்டு, ஓரங்களை மரத்தூள் தெரிய அப்படியே விட்டுப் போய்விட்டாய்.

உன் மனைவிக்கு என்னைவிட எரிச்சல் அதிகம்.

“ஊருக்கெல்லாம் ஓரம் ஒட்டின மனிசன் அண்ணன். நான் கேட்டா பிறகு ஒட்டுவம், பிறகு ஒட்டுவம். ஆறு வருசம் சொன்னாரு. மறுகா ஆளே மௌத்தாப் போயிட்டாரு. துடைக்கிற துணியெல்லாம் இந்தப் பலகையில கொழுவிக் கிழியிது.”

வாவிக் காற்று ஈரமானது. ஓரம் திறந்து கிடந்த பலகைகள் அங்கங்கே ஊதத் தொடங்கியிருந்தன. இனியும் விட்டால் அலுமாரி முழுவதும் போய்விடும் என்றுதான் அவ என்னைக் கூப்பிட்டா.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். என் கையால், என் பென்சிலால். இன்றோடு நான்காம் நாள், இன்னும் முடியவில்லை, அவசரமும் இல்லை. நாவற்குடாவில் எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் வயதானவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். நீ இறந்துபோன அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தேன். “ஐயா, பென்சில உளி மாதிரிப் பிடிக்காதீங்க, தாள் கிழிஞ்சிரும்” என்று அங்கே படிப்பிக்கிற பிள்ளை இன்றைக்கும் சொல்லுகிறா. ஆனால் வாசிக்க வருகிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகை, மருந்துப் போத்தல், கடை வாசல் அறிவித்தல் எதையும் விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டுகிறேன்.

டேப் சுற்றி வந்த பெட்டியையும் வாசித்தேன். “ஒட்டுமுன் தூசியை நன்றாகத் துடைக்கவும்” என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. இதை நீ உன் சொந்தக் கண்டுபிடிப்புப் போல எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். “தூசிக்கு மேல ஒட்டினா தூசியிலதான் ஒட்டும், பலகையில ஒட்டாது” என்று விரலை உயர்த்திச் சொல்வாய். நானும் பெரிய தொழில் இரகசியம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னோடு தச்சு வேலை செய்வது இலேசான காரியமா? டேப்பை வைத்து அயன் பெட்டியால் தேய்த்துக் கட்டையால் அழுத்தியதும் உடனே சீவ முடியாது. பசை இளகி உளியோடு இழுபடும். நன்றாக ஆறவிட்டாலும் பிழை. டேப் விறைத்துப் பல்லுப் பல்லாக உடையும். நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரம் பார்த்துத்தான் உனக்குப் பிளேன்டி வேண்டும். “ரெண்டு வாய் குடிச்சிட்டு வாறன் மச்சான்” என்று போய், வீட்டுக்காரரோடு ஊர்க்கதை முடித்து, ஓரம் கல்லான பிறகு வருவாய். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் ஓரம் முழுவதும் தடவுவாய். “இஞ்ச ஒரு மயிர் நிக்கிது. கையக் கேளு, கண்ணக் கேளாத.” நான் மறுபடியும் அரம் எடுக்க வேண்டும்.

எழுத்து விசயத்தில் மட்டும் நான் உன்னை ஏய்த்தேன் என்று நினைத்திருந்தேன். நீ வெட்டிய ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் உன் பழக்கப்படி பென்சிலால் எழுதுவாய். எந்தப் பக்கம் ஒட்டுவது, எந்தப் பக்கம் சுவரோடு போவது என்று. டேப் ஒட்டியதும் எழுத்து உள்ளே மறைந்துவிடும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பலகையின் வடிவத்தைப் பார்த்தே ஊகித்து ஒட்டுவேன். பெரும்பாலும் சரிவரும். நீ ஏதாவது வாசிக்கச் சொன்னால் சட்டைப்பையைத் தடவி, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன்.

“உன்ட கண்ணாடி எப்பவும் வீட்டிலதான் இரிக்கி. நாளைக்கி அத வேலைக்கி அனுப்பிட்டு நீ வீட்டில இரி.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். கூட வேலை செய்கிறவனிடம் படிப்பில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம்.

பிறகு நாவற்குடா டீச்சர் வீடு. என் ஊர், என் வீதி, நான் பிடித்துத் தந்த வேலை. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் வரும் பலகைகளில் நீ ஏதோ எழுதியிருந்தாய். தரையில் நிற்கும் அடிப்பக்கத்துக்கு யாரும் டேப் ஒட்டுவதில்லை, யாருக்கும் தெரியாத பக்கம். வழமைபோல நானும் விட்டேன். மாரி வந்தது. தரை கழுவிய தண்ணீர் அடியால் ஏறி, பலகை பொரி போல ஊதி வெடித்தது.

டீச்சர் நம் இருவரையும் கூப்பிட்டுக் குசினியில் நிறுத்தினா. “இது ஆருட வேலை?”

நீ குனிந்து பார்த்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய். “நான்தான் டீச்சர். அடியும் ஒட்டச் சொல்லி எழுத மறந்திட்டன். இவன்ல பிழையில்ல.”

“உங்கள நம்பித்தானே தந்தன் ஓடாவியார்? இதுதான் உங்கட வேலையெண்டா இனி இந்த வீதிக்கு வராதீங்க.”

அந்த வீதியில் அதற்குப் பிறகு உன்னை யாரும் கூப்பிடவில்லை. நான் வாய் திறக்கவில்லை. நீ உண்மையாகவே எழுத மறந்தாயா, அல்லது எழுதியதை நான் விட்டேனா என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் என் வெட்கம் வெளியே வரும். ஆகவே கேட்கவில்லை. இருந்தும் ஒன்பது வருடம் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் ஏசிய அடுத்த நாள் பட்டறையில் நீ, “இனி எழுத நேரமில்ல மச்சான். ஒரு கோடு போட்டா ஒட்டு, ரெண்டு கோடு போட்டா விடு” என்றாய். அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். உன் சோம்பலுக்கு நன்றி சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை உன் அலுமாரியின் முதல் கதவைக் கழற்றி நிமிர்த்தினேன். ஓரத்தில் கோடு இல்லை. முழு முழு வார்த்தைகள், அழகான எழுத்து. “வலது கதவு. நாலு பக்கமும் ஒட்டு.” இரண்டாவதிலும் எழுத்து. எல்லாவற்றிலும் எழுத்து. இந்த அலுமாரி டீச்சர் வீட்டுக்கு மூன்று வருடம் பிந்தியது. உனக்கு எழுத நேரம் இருந்திருக்கிறது. தொட்டிப் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். “அடியும் ஒட்டு.” உனக்கே நீ எழுதிக்கொள்ளும் இடத்திலும் அதை மறக்கவில்லை. டீச்சர் வீட்டிலும் மறந்திருக்க மாட்டாய்.

நான் பலகையோடு தரையில் இருந்துவிட்டேன். உன் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தா.

“தங்கச்சி, எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு அவனுக்குத் தெரியுமா?”

“ஓம் அண்ணன். நீங்க இவரோட வேலைக்கி வந்த முதல் வருசமே சொன்னாரு. அவனுக்கு எழுத்து வராது, நீ ஒண்ணும் கேட்டிராத, வெக்கப்படுவான் எண்டு.”

எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் எப்படிக் காட்டுவது? எல்லாம் தெரிந்துகொண்டு என் கண்ணாடியைப் பகிடி பண்ணியிருக்கிறாய். தெரிந்துகொண்டே டீச்சரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாய். ஒருநாள், “டேய், உனக்குத் தெரியாது, வா சொல்லித்தாறன்” என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் இரண்டு நாள் கோபித்திருப்பேன். மூன்றாம் நாள் வந்திருப்பேன்.

கடைசியாகச் சுவரில் தொங்கிய மேல் அலுமாரியைக் கழற்றினேன். “அதக் கொஞ்சம் உயத்திப் பூட்டிருங்க அண்ணன்” என்றா உன் மனைவி. “எல்லார்ட வீட்டிலயும் உயரமா அழகா இரிக்கி. இவர் அளவப் பிழைச்சிட்டாரு. நானும் ஏசாத நாளில்ல, குருட்டு ஓடாவியெண்டு. சிரிச்சிட்டுப் போவாரு.”

அதன் அடி ஓரத்திலும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன்.

“மூன்று அங்குலம் இறக்கிப் பூட்டு. அவவுக்குத் தோள் நோவு, கை உயராது.”

அவ வலது தோளைத் தடவிக்கொண்டா. “மறுகா வாசிங்க” என்றா. மறுபடி வாசித்தேன்.

“இத வாயத் திறந்து சொல்லியிருந்தா நான் ஏசாம இரிந்திருப்பனே.”

“அந்த மனிசன்ட வாய் பிளேன்டி குடிக்கத்தான் தங்கச்சி.”

அவ சிரித்தா, முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். “ஒட்டவா? எழுத்து மறைஞ்சிரும்.”

“ஒட்டுங்க. திறந்து கிடந்தா ஊறிப் போகும். உயத்த வேணாம், இருந்த இடத்திலயே பூட்டுங்க.”

ஒட்டினேன். சரியான நேரம் பார்த்துச் சீவி, அரம் போட்டு, கண்ணை மூடித் தடவியும் பார்த்தேன்.

மச்சான், நாவற்குடா வீதியில் நீ விட்டுவந்த நல்ல பெயரை மீட்பது இப்போது என் பொறுப்பு. டீச்சர் இன்னும் இருக்கிறா, காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய், அன்றைக்கு நீ எழுதித்தான் வைத்திருந்தாய், எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லப் போகிறேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரத்துத்தான் சொல்ல வேண்டி வரும். பரவாயில்லை. உன்னைப் போல ஓரத்தில் எழுதி ஒட்டி மூடிவிட்டுப் போக எனக்கு ஏலாது.